அல்சூர் ஏரித் தண்ணீரை லண்டனில் இருந்து விசாரித்த பெண்மணி

புளோரன்ஸ் நைட்டிங்கேல் வாழ்க்கை வரலாறு

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. நர்சுப் பள்ளிகளில் அவருடைய படம் மாட்டப்பட்டு இருக்கும். கையில் விளக்கு. எதிரே வரிசையாகப் படுக்கைகள். படுக்கைகளில் காயம் பட்ட சிப்பாய்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் அந்த விளக்குதான் வருகிறது.

ஆனால் அவர் விளக்கைப் பிடித்த காலம் 2 ஆண்டுகள்கூட இல்லை. பேனாவைப் பிடித்த காலமோ 40 ஆண்டுகளுக்கு மேல்!

ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள், எதனால் சாகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும். எழுதியதைக் கணக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு என்ன தேவை என்று சொல்ல வேண்டும். இந்த வழியை உலகத்துக்குக் காட்டியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் அவர்.

இந்திய மண்ணில் அவர் காலடி வைத்ததே இல்லை. ஆனாலும் பெங்களூர் தண்டில் இருந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று லண்டனில் இருந்தபடியே விசாரித்தார். இன்று எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றி உள்ள குடியிருப்புகளில் நோட்டும் கையுமாகக் கதவைத் தட்டும் சுகாதார நர்சுகளும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

செல்வக் குடும்பம்

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி இத்தாலி நாட்டில் உள்ள புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்கள். பெரும் பணக்காரர்கள். கல்யாணம் ஆனதும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் குழந்தை பிறந்ததால், அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் அந்தக் குடும்பத்துக்கு 2 மாளிகைகள் இருந்தன. தந்தை வில்லியம் படித்தவர். பெண் பிள்ளைகளுக்கு அவரே ஆசிரியராக இருந்து கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் கற்றுக் கொடுத்தார். புளோரன்சுக்குக் கணக்கில் தனி ஆசை. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று தாய் முணுமுணுத்தாலும் அவர் விடவில்லை.

மாளிகைக்குப் பக்கத்தில் ஏழைகளின் குடிசைகள் இருந்தன. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தாய் உணவு கொண்டு போவார். புளோரன்சும் கூடப் போவார். நோயாளிகளைப் பார்த்துக் கொள்வதே தன் வேலை என்ற எண்ணம் அவர் மனதில் வேர் விட்டது.

வீட்டில் எதிர்ப்பு

அந்தக் காலத்தில் நர்சு வேலைக்கு மதிப்பு கிடையாது. வேறு பிழைப்பு இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று நினைத்தார்கள். குடிகாரிகள் என்ற கெட்ட பெயரும் இருந்தது. மாளிகையில் பிறந்த பெண் ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று தாயும் அக்காளும் அழுது ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

மாப்பிள்ளையும் வந்தார். மாங்க்டன் மில்ன்ஸ் என்பவர். கவிஞர், பாராளுமன்ற உறுப்பினர். பல ஆண்டுகள் காத்திருந்தார். புளோரன்சுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கல்யாணம் ஆனால் தன் வேலை நின்றுவிடும் என்று 1849-ல் மறுத்துவிட்டார். கடைசி வரை அவர் கல்யாணம் செய்து கொள்ளவே இல்லை.

1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் இருந்த மருத்துவ நிலையத்தில் 3 மாதம் பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. 1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குத் தலைவி ஆனார். தந்தை மனம் இரங்கி, ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்குக் கொடுத்தார்.

போர் ஆஸ்பத்திரியில்

அந்தச் சமயத்தில் கிரிமியா போர் மூண்டது. ரஷியாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியும் போரிட்டன. காயம் பட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் கப்பலில் ஏற்றப்பட்டு, இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே பட்டாளத்துக் குடியிருப்பு ஒன்றை ஆஸ்பத்திரியாக மாற்றி இருந்தார்கள். கட்டுத்துணி இல்லை, கவனிக்க ஆள் இல்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. இங்கிலாந்து கொதித்து எழுந்தது.

போர் இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி 1854 அக்டோபரில் 38 நர்சுகளுடன் நைட்டிங்கேல் புறப்பட்டார். நவம்பரில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்.

டாக்டர்கள் முதலில் நர்சுகளை உள்ளே விடவில்லை. நைட்டிங்கேல் சண்டை போடவில்லை. காத்திருந்தார். போர்க்களத்தில் இருந்து கூட்டம் கூட்டமாகக் காயம் பட்டவர்கள் வந்து இறங்கியதும் டாக்டர்களே கூப்பிட்டார்கள். சமையல் கூடம் வைத்தார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். படுக்கை விரிப்பும் சட்டையும் வாங்கினார். இரவில் கையில் விளக்கோடு நோயாளிகளைச் சுற்றிப் பார்த்தார். விளக்கேந்திய சீமாட்டி என்று ஊர் உலகம் எல்லாம் புகழ் பரவியது.

ஆனால் சாவு குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அங்கே 4 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 1855 பிப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 100-க்கு 42 பேர் பிணமானார்கள்.

மார்ச் மாதம் லண்டனில் இருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கொண்டு நின்றது. குடிதண்ணீர் வரும் வழியில் செத்த மிருகத்தின் உடல் கிடந்தது. குழுவினர் சாக்கடையைத் திறந்து கழுவிவிட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். சில மாதங்களில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது!

கணக்கு சொன்ன உண்மை

போர் முடிந்து 1856 ஆகஸ்டில் அவர் ஊர் திரும்பினார். மேளதாளத்துடன் வரவேற்க இங்கிலாந்து காத்திருந்தது. அவரோ வேறு பெயரில் பயணம் செய்து, யாருக்கும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தார். செத்துப்போன சிப்பாய்களின் நினைவு அவரை உறங்கவிடவில்லை.

வில்லியம் பார் என்ற புள்ளிவிவர நிபுணருடன் உட்கார்ந்து போர்க்காலக் கணக்குகளைப் புரட்டினார். நல்ல உணவும் துணியும் கிடைக்காததால்தான் சிப்பாய்கள் செத்தார்கள் என்று அதுவரை அவர் நம்பி இருந்தார். கணக்கு வேறு விதமாகச் சொன்னது. குண்டு பட்டுச் செத்தவர்கள் கொஞ்சம் பேர். காலராவிலும் சீதபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் மிக அதிகம். சாக்கடையைச் சரி செய்த பிறகே சாவு குறைந்தது என்பதும் தெரிந்தது.

போர் இல்லாத காலத்திலும், இங்கிலாந்திலேயே பட்டாளக் குடியிருப்பில் வாழ்ந்த சிப்பாய்களின் சாவு, வெளியில் அதே வயதில் உள்ளவர்களின் சாவைப்போல ஏறக்குறைய 2 மடங்காக இருந்தது. எண்களைப் படித்தால் மந்திரிகள் தூங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வட்டமாகப் படம் வரைந்து, எந்த மாதத்தில் எதனால் எத்தனை சாவு என்று வண்ணம் தீட்டிக் காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினர் ஆக்கியது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இதற்குள் அவருடைய உடல் கெட்டுவிட்டது. கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் விடவில்லை. 1857-க்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையும் அறையுமாகவே இருந்தார். அந்த அறையில் இருந்துதான் இந்தியாவின் பக்கம் திரும்பினார்.

இந்தியாவுக்குக் கேள்விகள்

1859-ல் இந்தியாவில் உள்ள பட்டாளத்தின் சுகாதாரத்தை ஆராய ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் மூளையாக இருந்தவர் நைட்டிங்கேல். ஒரு கேள்விப் பட்டியலை அவர் தயார் செய்தார். அது இந்தியாவில் இருந்த 200-க்கு மேற்பட்ட பட்டாள நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது.

கேள்விகள் எளிமையானவை. இடம் மேடா, பள்ளமா? தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? அதை யார், எதில் கொண்டு வருகிறார்கள்? சாக்கடை எங்கே போகிறது? ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? எவ்வளவு சாராயம் குடிக்கிறார்கள்? பக்கத்தில் உள்ள கடைவீதி எப்படி இருக்கிறது? எத்தனை பேர் நோயில் விழுந்தார்கள்? எத்தனை பேர் செத்தார்கள்?

பதில்கள் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. அத்தனையையும் படுக்கையில் இருந்தபடியே படித்தார். 1863-ல் கமிஷன் அறிக்கை வெளிவந்தது. 2 ஆயிரம் பக்கத்துக்கு மேல்! அவ்வளவையும் யார் படிப்பார்கள் என்று நினைத்து, சாரத்தை எடுத்து, படங்களும் சேர்த்து அவரே தனியாக எழுதினார்.

இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று கணக்கு காட்டியது. இந்திய வெயில்தான் ஆளைக் கொல்கிறது என்று அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. கெட்ட தண்ணீர், வடிகால் இல்லாமை, அழுக்கான கடைவீதி, காற்றோட்டம் இல்லாத அறை, நெருக்கடி ஆகிய ஐந்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

அல்சூர் ஏரி

பெங்களூர் தண்டில் இருந்து போன தகவலும் அதில் இருந்தது. பட்டாளத்தை நம்பி, சென்னை மாகாணத்துத் தமிழர்கள் சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் வேலையாட்களாகவும் வந்து குடியேறிய பகுதி அது. அல்சூர் ஏரித் தண்ணீரை மக்கள் குடித்தார்கள். அதே ஏரியில்தான் கடைவீதியின் கழிவும் வந்து கலந்தது. இதை நைட்டிங்கேல் எடுத்துக் காட்டி எழுதினார்.

இதில் இருந்து அவர் கண்ட முடிவு பெரியது. பட்டாளக் குடியிருப்புக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துப் பயன் இல்லை. கடைவீதியில் காலரா வந்தால் அது வேலியைத் தாண்டிப் பட்டாளத்துக்கும் வரும். சிப்பாயைக் காப்பாற்ற வேண்டுமானால், அவனுக்குச் சோறு சமைப்பவனையும் துணி துவைப்பவனையும் அவர்கள் வாழும் தெருவையும் காப்பாற்ற வேண்டும். பட்டாளத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியவர், இந்திய மக்களைப் பற்றிக் கேட்பதில் வந்து நின்றார்.

பெங்களூருக்கு எசருகட்டாவில் இருந்து குழாய்த் தண்ணீர் வர 1890-களும், காவிரித் தண்ணீர் வர 1974-ம் ஆகிவிட்டன.

சென்னையும் பஞ்சமும்

1864-ல் வைசிராய் ஆன சர் ஜான் லாரன்ஸ், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன்பு நைட்டிங்கேலைச் சந்தித்துப் பேசினார். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய 3 மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பட்டாளத்தில் சாவு ஆயிரத்துக்கு 69-ல் இருந்து 18 ஆகக் குறைந்துவிட்டதாக 1870-களில் நைட்டிங்கேல் கணக்குக் காட்டி எழுதினார்.

சென்னை நகருக்கு வடிகால் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அவர் கடிதம் எழுதினார். மந்திரிகள் மாறினார்கள். கவர்னர்கள் மாறினார்கள். வேலை நகரவில்லை. 1875-ல் சென்னைக் கவர்னர் ஹோபார்ட் பிரபுவே டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். சாக்கடைக்கு ஏழை, பணக்காரன் என்ற வித்தியாசம் தெரியாது!

அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்திலும் மைசூர் சீமையிலும் லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். நைட்டிங்கேலின் கேள்விகள் மேலும் விரிந்தன. வயிற்றுக்குச் சோறு இல்லாதவனிடம் சுகாதாரம் பேச முடியுமா? ஏரிகளும் வாய்க்கால்களும் வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய சர் ஆர்தர் காட்டனுடன் கடிதத் தொடர்பு வைத்து, நீர்ப்பாசன விவரங்களைச் சேகரித்தார். விவசாயிகளின் கடனையும் நிலவரியையும் பற்றி விசாரித்தார்.

அவரிடம் குறையும் இருந்தது. நோய்க்குக் காரணம் கிருமிகள் என்பதை நெடுங்காலம் அவர் நம்பவில்லை. கெட்ட காற்றே காரணம் என்றார். ஆனாலும் அழுக்கை அகற்று, நல்ல தண்ணீர் கொடு என்ற அவருடைய மருந்து வேலை செய்தது. இன்னொரு குறை, அவருடைய கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதியவர்கள் எல்லாம் அதிகாரிகள். தண்ணீரைக் குடித்தவர்களை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கே போய்க் கேட்கும் வேலை இங்கிலாந்தில் நர்சுகள் மூலம் நடந்தது.

வீடு தேடிப்போன நர்சுகள்

1860-ல் லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேலின் நர்சுப் பள்ளி தொடங்கியது. மக்கள் அவருக்காகச் சேர்த்துக் கொடுத்த நிதி அதற்குப் பயன்பட்டது.

லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வியாபாரி இருந்தார். 1859-ல் அவருடைய மனைவி நோயில் விழுந்து இறந்தார். மனைவியைக் கவனித்துக் கொண்ட நர்சின் அருமையைப் பார்த்த ராத்போன், பணம் உள்ள வீட்டிலேயே இவ்வளவு துன்பம் என்றால் ஏழை வீட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்தார். அதே நர்சுக்குச் சம்பளம் கொடுத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அங்கே கண்ட கஷ்டத்தைத் தாங்க முடியாமல் வேலையை விட்டுவிட நினைத்த அந்த நர்சு, பிறகு விட மனம் இல்லாமல் தொடர்ந்தார்.

இன்னும் நர்சுகள் வேண்டும் என்று ராத்போன் நைட்டிங்கேலிடம் கேட்டார். உங்கள் ஊரிலேயே பயிற்சி கொடுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். அப்படியே பள்ளி அமைந்தது. லிவர்பூல் நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு ஒரு நர்சு என்று ஏற்பாடு ஆயிற்று.

இந்த நர்சு நோயாளிக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது என்று நைட்டிங்கேல் வற்புறுத்தினார். அறையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜன்னலைத் திறக்க வேண்டும். வீட்டாருக்கும் அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும். சாக்கடை அடைத்து இருந்தால், தண்ணீர் கெட்டு இருந்தால், சுகாதார அதிகாரிக்கு எழுத வேண்டும். காசு கொடுத்துவிட்டு வரும் தர்மப் பிரபுவாக அவர் இருக்கக் கூடாது. வீட்டின் நிலையை அறிந்தவராக இருக்க வேண்டும்.

1892-ல் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் இன்னொரு படி மேலே போனார். படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமத்துத் தாய்மார்களிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். பயிற்சி கொடுத்தவர் அந்தப் பகுதியின் சுகாதார அதிகாரி. வகுப்பறையில் பாடம் கேட்டால் போதாது, அவருடன் வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும் என்பது விதி. தாய்மார்களுக்குப் பிரசங்கம் செய்யக் கூடாது. திட்டக் கூடாது. சிநேகிதியைப்போல உள்ளே போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் வீட்டில் என்ன முடியுமோ அதைச் சொல்ல வேண்டும். இந்தியக் கிராமங்களுக்கும் இப்படிப்பட்ட பெண்கள் வேண்டும் என்று 1890-களில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 70-க்கு மேல்.

கடைசிக் காலம்

முதுமையில் கண் பார்வை மங்கியது. நினைவும் தடுமாறியது. 1907-ல் இங்கிலாந்து மன்னர் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த பட்டத்தை வழங்கினார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1910 ஆகஸ்டு 13-ந் தேதி லண்டனில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 90.

மன்னர்களும் மேதைகளும் புதைக்கப்படும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசாங்கம் முன்வந்தது. உறவினர்கள் வேண்டாம் என்று சொல்லி, கிராமத்துக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பெயரின் முதல் எழுத்து இரண்டும், பிறப்பு இறப்பு விவரமும்தான் கல்லில் இருக்கின்றன. அவர் பிறந்த மே 12-ந் தேதியை உலகம் முழுவதும் நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில்

ஓசூர் ரோட்டில் கோனப்பன அக்ரஹாரா, தொட்ட தோகூர் கிராமங்களின் நிலத்தில் 1978-ல் கியோனிக்ஸ் என்ற கர்நாடக அரசு நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது. ஆர்.கே. பாலிகா என்பவர் கண்ட கனவு அது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அவர்களுக்குப் பின்னால் கட்டிடத் தொழிலாளிகள், காவலாளிகள், டிரைவர்கள், கேன்டீன் சமையல்காரர்கள், துப்புரவுப் பெண்கள் வந்தார்கள். பக்கத்தில் உள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்தில் இருந்து வந்த தமிழர்கள் இவர்களில் ஏராளம்.

அன்று பட்டாளமும் கடைவீதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப்போல, இன்று கண்ணாடிக் கட்டிடமும் தகரக் கொட்டகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கொட்டகையில் டெங்கு கொசு இருந்தால் அது கண்ணாடிக் கட்டிடத்துக்கும் பறந்து போகும்.

இப்படிப்பட்ட ஒரு பேட்டையின் தேவையைச் சுகாதார நர்சு எப்படி அறிகிறார்?

முதலில் நடந்து பார்க்கிறார். தெருவைப் படமாக வரைகிறார். குழாய் எங்கே, டேங்கர் லாரி எங்கே நிற்கிறது, சாக்கடை எங்கே திறந்து கிடக்கிறது, எத்தனை வீட்டுக்கு ஒரு கக்கூசு, குப்பை எங்கே குவிகிறது, மருந்துக் கடை எங்கே, சாராயக் கடை எங்கே என்று குறிக்கிறார்.

அடுத்து வீடு வீடாகப் போகிறார். ஆள் எத்தனை, வயது என்ன, வேலை என்ன, கர்ப்பிணி உண்டா, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை உண்டா, தடுப்பூசி போட்டாயிற்றா, நாட்பட்ட இருமல் உண்டா, சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம் உண்டா, கடந்த ஓர் ஆண்டில் பிறப்பு எத்தனை, இறப்பு எத்தனை என்று எழுதுகிறார்.

பிறகு அங்கன்வாடி ஆயா, கடைக்காரர், வீட்டுச் சொந்தக்காரர், கட்டிட மேஸ்திரி ஆகியோரிடம் பேசுகிறார். பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறார். ஆண்கள் முன்னால் சொல்ல முடியாதது அங்கே வெளியே வரும்.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எது அதிகப் பேரைப் பாதிக்கிறது, எதை உடனே தீர்க்க முடியும் என்று வரிசைப்படுத்துகிறார். அதைத் தெரு மக்களிடமே திரும்பக் கொண்டு வந்து சொல்லி, சரிதானா என்று கேட்டால்தான் வேலை முழுமை ஆகும். டாக்டர் வேண்டும் என்று அதிகாரி நினைத்த இடத்தில், டேங்கர் தண்ணீருக்கு மூடிய தொட்டிதான் வேண்டும் என்று தெரிய வரலாம்.

இதில் வெளியூர்க்காரர்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. ரேஷன் கார்டைப் பார்த்தோ வாக்காளர் பட்டியலைப் பார்த்தோ ஆள் கணக்கு எடுத்தால், வாடகைக் குடித்தனக்காரர்கள் விட்டுப்போவார்கள். பகல் 11 மணிக்கு நர்சு வந்தால், வேலைக்குப் போனவர் வீட்டில் இல்லை. இரவு ஷிப்டு பார்த்தவர் தூங்குகிறார். ஓர் அறையில் 6 பேர் தங்கி இருந்தாலும், வாடகை ஏறிவிடும் என்று பயந்து 3 பேர் என்று சொல்கிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் குழந்தைக்கு ஒரு தடுப்பூசி அங்கே, ஒன்று இங்கே. இடையில் ஒன்று எங்கும் இல்லை!

2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தின்படி, 50 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். 10 ஆயிரம் பேருக்கு ஏ.என்.எம். என்று சொல்லப்படும் ஒரு சுகாதார நர்சு. 200 முதல் 500 வீடுகளுக்கு ஓர் ஆஷா பணியாளர். ஆள் கணக்கு குறைந்தால் நர்சும் குறைவார், ஊசி மருந்தும் குறையும். நோட்டில் ஏறாத குழந்தையைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே நர்சு கதவைத் தட்டினால், வேலை இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிடக் கூடாது. அறையில் தங்கி உள்ள தம்பியையும், ஊரில் இருந்து வந்த பாட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் போட்ட தடுப்பூசிச் சீட்டையும், கர்ப்பிணிகளுக்குக் கர்நாடகத்தில் கொடுக்கும் தாயி கார்டையும் எடுத்துக் காட்ட வேண்டும். கன்னடம் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்க வேண்டும். தண்ணீர் எந்தக் கிணற்றில் இருந்து வருகிறது என்று நர்சு கேட்காவிட்டாலும், தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும்.

அன்று அல்சூர் ஏரித் தண்ணீரைக் குடித்த தமிழர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்காக அதிகாரிகள் பதில் எழுதினார்கள். இன்று கேள்வி வீட்டு வாசலுக்கே வருகிறது.